கஞ்சா: சிறையும் வேண்டாம், கடையும் வேண்டாம்

1. கேள்வி

மதுவை அரசே கடை வைத்து விற்கிறது. பீடியும் சிகரெட்டும் தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலை ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்கிறது. மதுவால் 2019இல் மட்டும் 26 இலட்சம் பேர் இறந்தனர். அளவு மீறியதால் மூச்சு நின்று இறப்பது ஏறத்தாழ அறியப்படாத கஞ்சாவை வைத்திருந்தவருக்கோ சிறை. இது என்ன நியாயம் என்பதே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோருவோரின் முதல் வாதம். இரண்டு தீமைகளைச் சுமந்து திணறும் சமூகத்தின் தலையில் மூன்றாவதையும் ஏன் ஏற்ற வேண்டும் என்று எதிர்ப்போர் கேட்கின்றனர்.

இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் குறைபடவும் செய்கின்றன. பொருளின் வேதியியலையும் உடலில் அதன் விளைவையும் பார்க்கிற அளவுக்கு, அதை யார், எந்த முறையில், எந்த ஆதாயத்துக்காக விற்கிறார்கள் என்பதை அவை பார்ப்பதில்லை. மதுவும் புகையிலையும் இழைத்த தீங்கில் பெரும்பங்கு அவற்றின் விற்பனை முறையிலிருந்து வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். இதை ஏற்றுக்கொண்டால், பயன்படுத்துபவரைத் தண்டிப்பதை நிறுத்துவதும் விற்பனைக்குக் கடை திறப்பதும் இருவேறு முடிவுகள் என்பது விளங்கும். முன்னதை ஆதரித்தும் பின்னதை எதிர்த்தும் எழுதுகிறேன். மருத்துவப் பயன்பாடு தனி விவாதம். கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரிக்கப்பட்ட சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றது. மற்ற மருந்துகளுக்குரிய சோதனைகள் இதற்கும் பொருந்தும் என்பதைத் தவிர அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

2. 1894இன் அறிக்கையும் அதன் இரு பாதிகளும்

கஞ்சா பற்றிய விவாதம் 1960களின் மேலைநாட்டு இளைஞர்களோடு தொடங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். அதற்கு வெகுமுன்பே இந்தியாவில் அது முறையாக விசாரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு இயக்கத்தவரான டபிள்யூ. எஸ். கெய்ன் 1893இல் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து, மேக்வொர்த் யங் தலைமையில் இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. மிதமான பயன்பாட்டால் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குறிப்பிடத்தக்க கேடு இல்லை, மிதமிஞ்சிய பயன்பாடு கேடு தருவது, முழுத்தடை தேவையற்றது என்பன அதன் முடிவுகள்.

சட்டபூர்வமாக்கலை ஆதரிப்போர் இந்த அறிக்கையை மேற்கோள் காட்டாமல் பேசுவதில்லை. அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதன் இரண்டாம் பாதியை. தடை வேண்டாம் என்ற அதே ஆணையம், கட்டற்ற விற்பனையும் வேண்டாம் என்றது. சாகுபடியை உரிமத்துக்கு உட்படுத்தி ஓரிடத்தில் குறுக்குவது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு வைப்பது, போதிய வரி விதிப்பது ஆகியவை அதன் பரிந்துரைகள். ஆணையத்தை அமைத்த அரசுக்கே கஞ்சா வரியில் வருவாய் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. வங்காளத்தின் நவ்காவ் வட்டாரச் சாகுபடி அரசின் கண்காணிப்பில், கலால் வருவாயின் பொருட்டு நடந்தது.

எனினும் அந்த ஆணையத்தின் உழைப்பில் இன்றைக்கும் கற்கவேண்டிய ஒன்று உண்டு. மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டோரில் பலருக்குக் கஞ்சாவே காரணம் என்று அன்றைய பதிவேடுகள் கூறின. ஆணையம் 1892ஆம் ஆண்டுப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காரணம் என்ற இடத்தில் கஞ்சாவை எழுதியவர் யார் என்று தேடியது. பல இடங்களில் காவலரோ நீதிமன்ற அலுவலரோ அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு எழுதிய சொல்லை மருத்துவர் அப்படியே பெயர்த்தெழுதியிருந்தார். ஆய்வின் முடிவில் அந்த வழக்குகளில் பாதிக்கு மேல் நிற்கவில்லை. குற்றம் செய்தவர் கஞ்சா போதையில் இருந்தார் என்ற செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம், அதை முதலில் சொன்னவர் யார், எந்தப் பரிசோதனையின் பேரில் என்று நாமும் கேட்டாக வேண்டும்.

3. இன்றைய சட்டம் யாரைப் பிடிக்கிறது?

1961இன் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. மரபாகப் பயன்படுத்திவந்த நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. விதையும், பூமுனை சேராத இலையும் ஒப்பந்தத்தின் வரையறைக்கு வெளியே நின்றன. அவகாசம் முடியும் தறுவாயில், 1985இல், இந்தியா போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. இலை வரையறைக்கு வெளியே நின்றதால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில் இலையிலிருந்து செய்யும் பாங்கை உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். அதே செடியின் பூவை வைத்திருந்தால் கைது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்குகளில் கஞ்சாவை அந்த மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது, ஆதரித்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

அந்தச் சட்டப்படி கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, இடைப்பட்டதற்குப் 10 ஆண்டு வரை. பயன்படுத்தியதற்கு மட்டும் 27ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. வணிக அளவு வழக்குகளில் 37ஆம் பிரிவு ஜாமீனை அரிதாக்குகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு: குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கி அழைக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் போதைப்பொருள் குற்றவாளிகளும் வருவதால், விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்கலாம்.

ஒரு கிலோ என்ற கோடு இரு பக்கமும் அநீதி செய்கிறது. ஒருவர் சொந்தப் பயனுக்கு வைத்திருக்கும் அளவு சில கிராம்கள்தான். அவரும், பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் போட்டு விற்க முக்கால் கிலோவோடு நிற்பவரும் ஒரே பிரிவில் சேர்க்கப்படுகின்றனர். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் சரக்கைக் கொண்டுவருபவர் பிடிபட்டால் 20 கிலோக் கோட்டைத் தாண்டியவராகிறார். அவருக்கு முன்பணம் கொடுத்து அனுப்பியவரும், இராமநாதபுரக் கரையிலிருந்து இலங்கைக்குப் படகு ஏற்றுபவரும் காவல்துறையின் வலையில் அத்தனை எளிதாக விழுவதில்லை. ஆந்திரத்தின் பழங்குடிக் கிராமங்களில் தோட்டங்களை அழிக்கும் நடவடிக்கையும், தமிழ்நாட்டில் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’யும் 2021இலிருந்து பேரளவில் நடந்தன. பொட்டலம் கிடைப்பது நின்றுவிட்டதாக எந்த ஊரிலும் கேள்விப்படவில்லை.

மும்பை நடுவர் நீதிமன்றங்களின் வழக்குகளை ஆராய்ந்து விதி சட்டக் கொள்கை மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சட்டத்தின் அன்றாட முகத்தைக் காட்டுகிறது. அவ்வழக்குகளில் மிகப்பெரும்பாலானவை சொந்தப் பயன்பாடு தொடர்பானவை; அவற்றிலும் பெரும்பங்கு கஞ்சா; பிடிபட்டோரில் பலர் தெருவிலும் குடிசைப் பகுதியிலும் வாழும் தினக்கூலிகள். வழக்கை நடத்தப் பணமோ நாளோ இல்லாதவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிப் போய்விடுகின்றனர். அந்த ஒப்புதல் குற்றப்பதிவாக அவர்கள் பெயரில் நிலைத்துவிடுகிறது. கஞ்சா தரும் தீங்கோடு சட்டம் தரும் தீங்கையும் ஒரே தராசில் வைக்காத எந்த ஒப்பீடும் நேர்மையானதாகாது.

4. எது அதிகத் தீங்கு?

போதைப்பொருள்களின் தீங்கை ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்த முயன்ற ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, பிரிட்டனில் டேவிட் நட்டும் சக ஆய்வாளர்களும் 2010இல் லான்செட் இதழில் வெளியிட்டது. 16 அளவுகோல்களில் நிபுணர்கள் மதிப்பெண் இட்டனர். 100க்கு மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. மதுவின் 72இல் 46 பிறருக்கு விளையும் தீங்குக்கானது. இது நிபுணர்களின் மதிப்பீடே தவிர நேரடி அளவீடு ஆகாது என்ற விமரிசனம் சரியானது. அதைவிட முக்கியமான இன்னொரு குறை பலர் கண்ணில் படுவதில்லை. அந்த மதிப்பெண்கள் அன்றைய பிரிட்டனில் இருந்த நிலையை அளந்தவை. மது அங்கே எல்லோருக்கும் எங்கும் கிடைத்தது. கஞ்சா தடையில் இருந்தது. மதுவின் 72இல் அதன் வேதியியலுக்கு எத்தனை, கடைக்கும் விளம்பரத்துக்கும் எத்தனை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. கஞ்சாவையும் அதே போல விற்றால் 20 என்பது 20ஆகவே இருக்குமா என்பதற்கும் அதில் விடையில்லை.

சார்புநிலை பற்றிய சான்றுகள் இன்னும் தெளிவானவை. அமெரிக்க மக்கள்தொகை ஆய்வொன்று 2011இல் கணித்தபடி, ஒரு பொருளைப் பயன்படுத்தியவர்கள் வாழ்நாளில் எப்போதாவது அதற்கு அடிமையாகும் வாய்ப்பு நிகோடினுக்கு 67.5 சதவீதம், மதுவுக்கு 22.7, கஞ்சாவுக்கு 8.9. கஞ்சாவுக்கு யாருமே அடிமையாவதில்லை என்று இளைஞரிடையே உலவும் நம்பிக்கையை இந்த எண் பொய்யாக்குகிறது. ஒருமுறை இழுத்தாலே வாழ்க்கை போயிற்று என்ற எச்சரிக்கையையும் பொய்யாக்குகிறது. பதின்வயதில் தொடங்குவோருக்கு இந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

இந்தியாவுக்கு வருவோம். சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5.7 கோடி. கஞ்சாச் செடியின் ஏதோ ஒரு வடிவத்தைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, உதவி தேவைப்படுவோர் சுமார் 72 இலட்சம். மொத்த எண்ணிக்கையில் மதுவின் சுமை பலமடங்கு. விகிதத்தில் பார்த்தால் மதுவில் மூவரில் ஒருவர், கஞ்சாவில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்; இடைவெளி அத்தனை பெரிதாக இல்லை. பாங்கு பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் சார்புநிலைக்குச் சென்றவர்களின் விகிதம் கஞ்சாவையும் செடியின் பிசினான சரஸையும் புகைப்போரிடையே உயர்ந்திருக்கிறது. உரிமக் கடையில் வாங்கும் இலை உருண்டைக்கும் தடையில் கிடைக்கும் பூவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்குச் சட்டம் மட்டும் காரணமாகாது. பண்டிகையில் பருகுவது வேறு, நாள்தோறும் புகைப்பது வேறு, வீரியமும் வேறு. ஒரே செடி, வடிவத்தையும் வழக்கத்தையும் பொறுத்து வெவ்வேறு அளவில் தீங்கு செய்கிறது என்ற அளவுக்கு இந்தத் தரவு நமக்கு உதவும்.

புகையிலையோடு ஒப்பிடுவதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கே கஞ்சாவைத் தனியே புகைப்பவர் குறைவு. சிகரெட்டையோ பீடியையோ உதிர்த்து, தூளோடு கலந்து மீண்டும் அடைக்கிறார்கள். ஆகவே கஞ்சா புகைப்பவர் புகையிலையும் புகைப்பவராகிறார். புகையிலை பழகாதவர் இந்த வழியாக நிகோடினுக்கு அடிமையாவதும் உண்டு. ‘புகையிலையைவிடக் கஞ்சா மேல்’ என்ற வாசகம் அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்டது. இங்கே அதற்குப் பொருள் குறைவு.

5. மனநோய் அபாயம்

கஞ்சா விவாதத்தின் கனமான பகுதி இது. ஸ்வீடனில் கட்டாய இராணுவப் பணிக்கு வந்த 45,570 இளைஞர்களை 15 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 1987இல் லான்செட்டில் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப்போல ஆறு மடங்கு. மற்ற காரணிகளைக் கழித்தபோது இந்த மடங்கு குறைந்தது, மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு இன்னும் துல்லியமானது. நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு முதல்முறை உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு 3.2 மடங்கு, போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 10 சதவீதமோ மேலோ உள்ள வீரிய வகையை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு ஏறக்குறைய 5 மடங்கு.

மனநோயின் தொடக்க அறிகுறிகளைத் தணிக்கத்தான் சிலர் கஞ்சாவை நாடுகிறார்கள், மரபணுச் சாய்வு இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம் என்ற மறுப்புகளுக்கு அடிப்படை உண்டு. கஞ்சா பயன்படுத்தும் மிகப் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் அளவு கூடக்கூட அபாயம் கூடுவதும், வீரியத்தோடு அது உயர்வதும் தற்செயலாக இருக்க இயலாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் தொகுத்த பேரறிக்கையும், உளப்பிறழ்வு, வாகன விபத்து, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, எடை குறைந்த பிறப்பு ஆகியவற்றோடு கஞ்சாவின் தொடர்புக்கு வலுவான சான்று இருப்பதாக ஏற்றது. நுரையீரல் புற்றுநோயோடு அத்தகைய தொடர்பை அது காணவில்லை.

இங்கே வீரியம் என்ற காரணி தனியே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவின் சராசரி டி.எச்.சி. 1995இல் ஏறக்குறைய 4 சதவீதம், 2014இல் 12. சட்டபூர்வக் கடைகளில் விற்கும் செறிவுச் சாறுகளில் 60 சதவீதத்துக்கும் மேல். 1894இன் சாட்சிகள் பேசிய பொருளும் இதுவும் பெயரில்தான் ஒன்று. வீரியத்தைக் கூட்டியது யார்? தடைக் காலத்தில் சுமை குறைவாக வேண்டும் என்று கள்ளச்சந்தை கூட்டியது. பிறகு வாடிக்கையாளரைத் தக்கவைக்க நிறுவனங்கள் கூட்டின.

6. புகையிலை வரலாறு: தாமதித்து வரும் கணக்கு

புகையிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மெல்லப்பட்டது, பொடியாக உறிஞ்சப்பட்டது, சுருட்டாகவும் குழாயிலும் புகைக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் அப்போது அரிய நோய். ஜேம்ஸ் பொன்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற சிகரெட் உருட்டும் இயந்திரமும் அதைப் பயன்படுத்திய புகையிலைத் தொழிலதிபர் டியூக்கின் விளம்பரமும் எல்லாவற்றையும் மாற்றின. அமெரிக்காவில் 1900இல் வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 54 சிகரெட், 1963இல் 4,345. செடி அதே செடிதான். அதை மலிவாக்கி, நெஞ்சுக்குள் இழுக்க எளிதாக்கி, ஒவ்வொரு சட்டைப் பைக்கும் கொண்டுசேர்த்த தொழில் புதிது.

இதில் நாம் அஞ்சவேண்டியது கால இடைவெளியை. சிகரெட் பெருகிப் பல பத்தாண்டுகள் கழித்தே நுரையீரல் நோய் பெருகியது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950இல் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். 1954இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் கூட்டாக நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு ஐயத்தை விதைத்தன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964இல்தான் வந்தது. இந்தியாவில் புகையிலைப் பொருள்கள் சட்டம் 2003இல் வந்தது. பொது இடங்களில் புகைக்கத் தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது. தொழில் வேரூன்றிவிட்ட பிறகு அறிவியல் வென்றாலும் சட்டம் பின்தங்கியே வருகிறது. கொலராடோவில் கஞ்சாக் கடைகள் திறந்தது 2014 ஜனவரியில். பெரிய அழிவு எதுவும் நிகழவில்லையே என்று இன்று சொல்வது, சிகரெட் பெருகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றித் தீர்ப்பு எழுதியதற்கு ஒப்பாகும்.

இதே வரலாற்றைச் சட்டபூர்வமாக்கலின் ஆதரவாளரும் மேற்கோள் காட்டலாம். அந்த வாதம் வலுவானது. புகையிலையைத் தடைசெய்யாமலேயே, வரியாலும் எச்சரிக்கைப் படங்களாலும் விளம்பரத் தடையாலும் பயன்பாட்டைக் குறைக்க முடிந்தது. இந்தியாவில் வயதுவந்தோரில் புகையிலை பயன்படுத்துவோர் 2009–10இல் 34.6 சதவீதம், 2016–17இல் 28.6. கஞ்சாவையும் இப்படியே ஆளலாமே? ஆளலாம், அரசுக்கு அந்த வலிமை இருந்தால். 28.6 சதவீதம் என்பது இன்னும் 26.7 கோடிப் பேர். குட்காவுக்குத் தடை இருந்தும் சரம் சரமாகத் தொங்கும் நாட்டில், சிறுவனுக்குச் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் கிடைக்கும் தெருவில், 21 வயது நிரம்பாதவருக்குக் கஞ்சா விற்கக் கூடாது என்ற விதி எப்படிக் காக்கப்படும் என்று நான் கேட்கிறேன்.

7. மது வரலாறு: அரசின் சார்புநிலை

புகையிலை வரலாறு நிறுவனங்களைப் பற்றிய பாடம் என்றால், மது வரலாறு அரசைப் பற்றிய பாடம். தமிழ்நாட்டைவிட இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த கலால் வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. ஈடுசெய்ய வந்த விற்பனை வரி எங்கும் போகவில்லை. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் உருவானது; 2003இல் சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகமானது. 2023–24இல் மதுவால் மாநிலத்துக்கு வந்த வருவாய் ரூ.45,000 கோடியைத் தாண்டியது.

அரசு ஏகபோகமாக விற்றால் இலாப வெறி இருக்காது, கட்டுப்பாடு இருக்கும் என்பது கொள்கை அறிஞர்களின் வழக்கமான கூற்று. நார்டிக் நாடுகளில் அது ஓரளவு உண்மை. அங்கே நேரத்தையும் இடத்தையும் குறுக்கி விற்கிறார்கள். இங்கே தீபாவளி விற்பனை ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. கடையை மூடக் கோரித் தாய்மார்கள் சாலையில் அமர்ந்தபோது எதிரே நின்றது அந்தக் கடையின் உரிமையாளரான அரசின் காவல்துறை. எந்தக் கட்சி ஆண்டாலும் ‘படிப்படியாகக் குறைப்போம்’ என்ற வாக்குறுதி நிதிநிலை அறிக்கையைத் தாண்டியதில்லை. தனிமனிதர் மதுவைச் சார்ந்திருப்பதைவிட, அரசு அதைச் சார்ந்திருப்பதிலிருந்து மீள்வது கடினம்.

கடை திறந்தால் கள்ளச்சந்தை ஒழியும் என்ற வாதத்தையும் இங்கேயே சோதிக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு இல்லை. பாட்டில் விலை எட்டாத கூலித் தொழிலாளிக்குப் பாக்கெட் சாராயம் மலிவாகக் கிடைத்தது. வரியை உயர்த்தினால் கள்ளச்சந்தை பிழைக்கும், தாழ்த்தினால் பயன்பாடு பெருகும். கஞ்சாவுக்கும் இந்த இக்கட்டு அப்படியே பொருந்தும்.

8. திறந்துபார்த்த நாடுகள்

உருகுவே 2013இல் முதல் நாடாகச் சட்டம் இயற்றியது. பதிவுசெய்துகொண்ட குடிமக்கள் வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், அல்லது சிறு சங்கத்தில் சேரலாம், அல்லது மருந்துக்கடையில் மாதம் 40 கிராம் வாங்கலாம். விளம்பரம் இல்லை, வெளிநாட்டுப் பயணிக்கு விற்பனை இல்லை, விலையை அரசு நிர்ணயிக்கிறது. நான் அறிந்தவற்றுள் மிக நிதானமான ஏற்பாடு இது. இங்கேயும் மருந்துக்கடைச் சரக்கு வீரியம் குறைந்தது என்று வாங்குவோர் குறைப்பட, 2022இல் வலுவான வகை அறிமுகமானது.

கனடா 2018 அக்டோபரில் வணிகத்துக்குத் திறந்தது. கைதுகள் பெருமளவு குறைந்தன. வாங்குவோரில் பெரும்பாலோர் சட்டபூர்வக் கடைகளுக்கு மாறினர். இவை மெய்யான நன்மைகள். மறுபுறம், மிட்டாய் வடிவக் கஞ்சாவைத் தின்று மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள் பெருகினர். மிட்டாய் வடிவத்தை அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தில் அந்தப் பெருக்கம் குறைவாகவே இருந்தது. கொள்கையின் ஒரு வரி எத்தனை குழந்தைகளைப் பாதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முதலீட்டாளர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2018இல் கொரோனா பீரின் அமெரிக்க உரிமையாளரான கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ், கேனப்பி குரோத் என்ற கஞ்சா நிறுவனத்தில் சுமார் 400 கோடி டாலர் இடுவதாக அறிவித்தது. மார்ல்பரோ சிகரெட்டின் ஆல்ட்ரியா, குரோனோஸ் நிறுவனத்தில் 180 கோடி டாலர் இடுவதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. மதுவுக்கும் புகையிலைக்கும் மாற்றாகக் கஞ்சா வரும் என்று நம்பியவர்கள், அந்த நிறுவனங்களே கஞ்சாவுக்குள் வந்ததை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவை ஏன் வந்தன என்பதைக் கொலராடோ அரசுக்காக 2014இல் செய்யப்பட்ட சந்தை ஆய்வு விளக்குகிறது. பயன்படுத்துவோரில் ஏறக்குறைய 22 சதவீதமான அன்றாடப் பயனாளர்கள் மொத்தத் தேவையில் 67 சதவீதத்துக்குக் காரணமாயினர். எப்போதாவது பயன்படுத்துபவரால் எந்தக் கடையும் வாழாது. அடிமையானவரே அதன் பிழைப்பு. அமெரிக்காவில் 1992இல் நாள்தோறுமோ ஏறக்குறைய நாள்தோறுமோ கஞ்சா பயன்படுத்தியோர் 10 இலட்சத்துக்கும் குறைவு, 2022இல் 1.77 கோடி. அதே அளவுக்கு அடிக்கடி மது அருந்தியோர் 2022இல் 1.47 கோடி. கணக்கெடுப்பில் மறைக்காமல் சொல்வோர் கூடியிருக்கலாம் என்று கழித்தாலும், மிஞ்சுவது பெரிய மாற்றம்.

தாய்லாந்து 2022 ஜூனில் உரிய சட்டம் இன்றியே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன; 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வேறு வழியைத் தேர்ந்தது: வெளியே 25 கிராம், வீட்டில் மூன்று செடி, இலாபநோக்கற்ற சங்கங்கள்; கடை கிடையாது. போர்ச்சுகல் 2001 முதல் எல்லாப் போதைப்பொருள்களுக்கும் சொந்தப் பயனளவில் குற்றத்தண்டனையை நீக்கி, பிடிபட்டவரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் அமர்ந்த குழுவிடம் அனுப்புகிறது. விற்பனை அங்கே இன்னும் குற்றமே.

9. முடிவு

குற்றநீக்கம் மட்டும் செய்து விற்பனையைத் தடையில் வைத்தால், வாங்குபவர் கள்ளச்சந்தைக்குத்தானே போகவேண்டும்? கலப்படத்துக்கு யார் பொறுப்பு? இந்த எதிர்வாதத்துக்கு முழு விடை என்னிடம் இல்லை. எந்த நாட்டின் ஏற்பாட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை. போர்ச்சுகல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முரண்பாட்டோடு வாழ்கிறது. இரண்டு குறைபாடுகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமென்றால் திருத்தக்கூடியதைத் தேர்வதே அறிவு. குற்றநீக்கம் செய்த பின் போதாதென்று கண்டால் ஜெர்மனியைப்போல வீட்டுச் செடிக்கு அனுமதி தரலாம். ஆயிரம் கடைகளும் பங்குதாரர்களும் கலால் வருவாயும் உருவான பின் திரும்பிவர வழியில்லை என்பதற்கு டாஸ்மாக் வரலாறு சாட்சி.

ஆகவே நாடாளுமன்றம் செய்யவேண்டியவை இவை. 27ஆம் பிரிவில் கஞ்சாப் பயன்பாட்டுக்குரிய சிறைத்தண்டனையை நீக்க வேண்டும். சில பத்து கிராம் வரை சொந்தப் பயனுக்கு வைத்திருப்பதை, குற்றப்பதிவு இல்லாத சிறு அபராதத்துக்கும் விரும்பினால் சிகிச்சைக்கும் உரிய செயலாக்க வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஒரு கிலோ வரை வைத்திருப்போரையும் சிறு விற்பனையாளரையும் தனிப் பிரிவில் வைத்து, சிறார்க்கு விற்பதற்கு மட்டும் கடுமையை முழுதாகக் காக்க வேண்டும். மாநில அரசு, மாவட்ட மருத்துவமனைகளில் போதை மீட்புப் பிரிவுகளை மதுவுக்கும் கஞ்சாவுக்கும் சேர்த்து வலுப்படுத்த வேண்டும். அதற்கான பணம் டாஸ்மாக் வருவாயிலிருந்தே வரவேண்டும். எந்த அரசும், எந்த நிதி நெருக்கடியிலும், கஞ்சாவை வருவாய் இனமாக நிதிநிலை அறிக்கையில் சேர்க்கலாகாது.